சொல் வந்த வழி – 12: ஒலிக்காத ‘கே’

நான்காம் வகுப்பு ஆங்கிலப் பாடம். கரும்பலகையில் கே, என், ஓ, டபிள்யூ என்று நான்கு எழுத்துகள். ஆசிரியை ‘நோ’ என்று வாசிக்கிறார். வகுப்பு முழுவதும் ‘நோ’ என்கிறது. பின்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து, “அந்த ‘கே’ எதுக்கு மிஸ்?” என்று கேட்கிறது. “அது சைலண்ட். அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோ” என்று பதில் வருகிறது. தமிழ்வழியிலோ ஆங்கிலவழியிலோ ஆங்கிலம் படித்தவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள், அல்லது கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு ஒழுங்கான பதில் இருக்கிறது. ‘அறிதல்’ என்று பொருள்படும் அந்தச் சொல்லின் தலையில் நிற்கும் ‘கே’யை ஆங்கிலேயர்கள் ஆயிரம் ஆண்டுகள் வாய்விட்டு உச்சரித்தார்கள். அந்த ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஜெர்மனி, ரோம், கிரேக்கம் எல்லாவற்றையும் கடந்து, நாம் தினமும் சொல்லும் ‘ஞாபகம்’ வரை வந்து சேரலாம்.

முதலில் ஒலியைப் பார்ப்போம். ‘பிக்னிக்’ என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து, தொடக்கத்தில் இருக்கும் ‘பி’யை விட்டுவிட்டு மீதியை மட்டும் சொல்லுங்கள்: ‘க்னிக்’. நாக்கின் அடிப்பகுதி மேலண்ணத்தை முட்டி ‘க்’ பிறக்கிறது. அது அடங்குவதற்குள் நுனிநாக்கு மேற்பல்லின் பின்னால் ஒட்டி ‘ன்’ பிறக்கிறது. பழைய ஆங்கிலத்தின் ‘க்னாவன்’ என்ற வினைச்சொல் இப்படித்தான் தொடங்கியது. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஆல்ஃப்ரெட் மன்னர் காலத்திலும் அப்படி, 1400இல் மறைந்த கவிஞர் சாசர் காலத்திலும் அப்படி. முழங்காலைக் குறிக்கும் ‘நீ’, கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’, முடிச்சைக் குறிக்கும் ‘நாட்’, கதவைத் தட்டும் ‘நாக்’ என்று இன்று நாம் ‘ன’கரத்தில் தொடங்குகிற சொற்கள் எல்லாவற்றிலும் அன்று ‘க்’ கேட்டது.

17ஆம் நூற்றாண்டில் அந்த ‘க்’ மெலிந்து தேயத் தொடங்கியது. 1700ஐ ஒட்டிய காலத்தில் லண்டன் பேச்சிலிருந்து அது போய்விட்டது. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் சில ஊர்களில் மட்டும் முதியவர்கள் வாயில் வெகுகாலம் தங்கியிருந்தது. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வரும்போது ஒன்றை விட்டுவிடுவது பல மொழிகளில் நடப்பதுதான்; இதில் ஆங்கிலேயரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒலி போன வேகத்தில் எழுத்து போகவில்லை. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். இங்கிலாந்தின் முதல் அச்சகம் அது. அவரும் அவருக்குப் பின் வந்த அச்சுக்காரர்களும் சொற்களைக் கோத்த காலத்தில் ‘க்’ உயிரோடு இருந்தது. அது பேச்சிலிருந்து மறைந்தபோது புத்தகங்களில் அந்த எழுத்துக்கூட்டல் கெட்டிப்பட்டுவிட்டிருந்தது. ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்றாகவும் படிப்பது ஒன்றாகவும் இருப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்தக் கால இடைவெளி.

ஆங்கிலத்தின் நெருங்கிய உறவு மொழிகளான ஜெர்மனும் டச்சும் அந்த ‘க்’கை இன்றும் விடவில்லை. ஜெர்மானியர் முழங்காலை ‘க்னீ’ என்றே சொல்கிறார்கள். ‘க்னெஹ்ட்’ என்றால் அவர்களுக்குப் பண்ணையாள், வேலைக்காரன். அதே சொல்தான் ஆங்கிலத்தில் ‘நைட்’. அரசனுக்குச் சேவகம் செய்த வீரன் என்ற வழியாக, ‘சர்’ பட்டம் பெறுகிற பெருமகனைக் குறிக்கும் சொல்லாக அது ஆங்கிலத்தில் உயர்ந்தது. ஒரே சொல், இரண்டு நாடுகளில் இரண்டு தகுதி. அதன் தலையிலும் அந்த ஒலிக்காத ‘கே’ நிற்கிறது.

இனி பொருள். எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த பகுதி இது.

பழைய ஆங்கிலத்தின் ‘க்னாவன்’, இன்றைய ‘நோ’ சுமக்கும் அத்தனை பொருளையும் சுமக்கவில்லை. அடையாளம் காணுதல், இன்னார் என்று இனங்கண்டுகொள்ளுதல், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிதல், இவைதாம் அதன் வேலை. திருவிழாக் கூட்டத்தில் நூறு முகங்களுக்கு நடுவே ஒரு முகத்தைப் பார்த்ததும் ‘அட, இவர் நம்ம ஊர்க்காரர்’ என்று மனசுக்குள் சட்டென்று பிடிபடுகிறதே, அந்தச் செயல்தான் ‘க்னாவன்’. நாளைக்குச் சந்தை கூடும், மன்னர் இறந்துவிட்டார், ஆற்றில் வெள்ளம் வந்திருக்கிறது என்பன போன்ற செய்திகளை அறிந்திருப்பதற்கு வேறொரு வினைச்சொல் இருந்தது: ‘விட்டன்’. அறிதலுக்கு இரண்டு வினைகள், இரண்டுக்கும் தனித்தனி வேலை.

ஜெர்மன் மொழி படிக்கப் போகிறவர்கள் முதல் மாதத்திலேயே இந்த வேறுபாட்டில் தடுக்கி விழுவார்கள். ஒரு செய்தியை அறிந்திருந்தால் ‘விஸ்ஸன்’, ஓர் ஆளையோ ஊரையோ அறிந்திருந்தால் ‘கென்னன்’. மாற்றிச் சொன்னால் ஜெர்மானியர் காதுக்கு உறுத்தும். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும்கூட இதற்கு இரண்டு வினைகள் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் ஒன்றுதான் இருக்கிறது என்று கேட்டால், ஒன்று இறந்துபோனது என்பதே பதில்.

இறந்துபோன அந்த ‘விட்டன்’ சாதாரணக் குடும்பத்துச் சொல் அன்று. அதன் வேர் ‘பார்த்தல்’. லத்தீனில் ‘விடேரே’ என்றால் பார்த்தல். அதன் தன்மை ஒருமையான ‘வீடியோ’வுக்கு ‘நான் பார்க்கிறேன்’ என்று பொருள். கிரேக்கத்தில் ‘இதேயா’ என்றால் கண்ணுக்குப் படும் தோற்றம், வடிவம். நாம் அன்றாடம் சொல்லும் ‘ஐடியா’ அதுதான். வடமொழியில் ‘வித்’ என்ற வேர். வேதம், வித்தை, வித்துவான் எல்லாம் அதில் கிளைத்தவை. இந்த மொழிகளின் பழைய இலக்கணத்தில் ஓர் அழகான ஒற்றுமை இருக்கிறது. ‘அறிவேன்’ என்று சொல்வதற்கு கிரேக்கத்தில் ‘ஓய்தா’, வடமொழியில் ‘வேத’, பழைய ஆங்கிலத்தில் ‘வாட்’. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை, மூன்றின் அமைப்பும் ‘பார்த்து முடித்திருக்கிறேன்’ என்பதே. கண்ணால் கண்டு முடித்தவன் அறிந்தவன் ஆகிறான்.

தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘தூரத்தில் மலை தெரிகிறது’ என்கிறோம், ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்றும் சொல்கிறோம். கண்ணில் படுவதற்கும் மனத்தில் படுவதற்கும் நமக்கு ஒரே ‘தெரி’. தமிழுக்கும் அந்த மொழிகளுக்கும் குடும்ப உறவு கிடையாது. உறவில்லாமலே, பார்வையிலிருந்து அறிவுக்குப் போகும் அதே பாதையில் தமிழும் தானாக நடந்திருக்கிறது.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னரின் பைபிள் மொழிபெயர்ப்பில் ‘விட்டன்’ குடும்பத்து வினைவடிவங்கள் ஆங்காங்கே இருக்கின்றன. அதற்குப் பிறகு அவை பேச்சிலிருந்து உதிர்ந்துவிட்டன. பிள்ளைகள் மட்டும் பிழைத்தார்கள். சமயோசிதமான நகைச்சுவைக்கு ‘விட்’, ஞானத்துக்கு ‘விஸ்டம்’, சாட்சிக்கு ‘விட்னஸ்’, மந்திரவாதிக்கு ‘விஸார்ட்’. ஆங்கிலச் சட்டப் பத்திரங்களில் ‘அதாவது’ என்ற இடத்தில் ‘டு விட்’ என்று எழுதுவார்கள். தாய்ச்சொல்லின் கடைசி மூச்சு அங்கேதான் இருக்கிறது. 1066க்கு முந்தைய இங்கிலாந்தில் மன்னருக்கு ஆலோசனை சொன்ன பெரியவர்கள் அவைக்கு ‘விட்டெனகெமோட்’ என்று பெயர். அறிந்தோர் கூட்டம் என்பது அதன் நேர்ப்பொருள்.

‘விட்டன்’ போனதும் அதன் சுமையெல்லாம் ‘க்னாவன்’ தலையில் விழுந்தது. முகத்தை அறிவதும் ‘நோ’, செய்தியை அறிவதும் ‘நோ’. இதை நான் ஓர் இழப்பாகவே பார்க்கிறேன். ஒருவரோடு இருபது ஆண்டு பழகி அறிவதும், அவரைப் பற்றிப் புத்தகத்தில் படித்து அறிவதும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் ‘அபௌட்’ என்ற ஒட்டைப் பின்னால் சேர்த்துத்தான் இரண்டாவதைக் காட்ட வேண்டியிருக்கிறது. பெர்ட்ரண்ட் ரஸல் 1912இல் எழுதிய ‘தத்துவத்தின் சிக்கல்கள்’ நூலில் நேர்ப்பழக்கத்தால் வரும் அறிவு, விவரிப்பால் வரும் அறிவு என்று இரண்டாகப் பிரித்து ஓர் அத்தியாயமே எழுதினார். ஆல்ஃப்ரெட் மன்னர் காலத்து ஆங்கிலேயர்கள் அந்தப் பிரிவை வினைச்சொல்லிலேயே வைத்திருந்தார்கள்.

மூன்றாவது ஒருவர் இருக்கிறார். ‘முடியும்’ என்று பொருள் சொல்லி நாம் படித்த ‘கேன்’. அதுவும் இந்தக் குடும்பம்தான். பழைய ஆங்கிலத்தில் ‘குன்னன்’ என்றால் அறிந்திருத்தல், செய்யும் வகை தெரிந்திருத்தல். செய்யத் தெரிந்தவனால் செய்ய முடியும் என்ற வழியில் மெல்ல மெல்ல அது வெறும் ‘முடியும்’ ஆகிவிட்டது. தமிழில் ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்று சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதே கருத்துக்கு ‘கேன்’ போடுகிறார்கள். நாம் இன்னும் அந்தப் பழைய படியில் நிற்கிறோம், ஆங்கிலம் ஒரு படி தள்ளிப் போய்விட்டது. 1949இல் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி கில்பர்ட் ரைல், ‘இன்னது என்று அறிவது’, ‘இன்னவாறு செய்ய அறிவது’ என்று அறிவை இரண்டாகப் பிரித்துப் புகழ்பெற்றார். அவர் மொழியில் முதலாவதுக்கு ஒரு காலத்தில் ‘விட்டன்’ இருந்தது, இரண்டாவதுக்கு ‘குன்னன்’ இருந்தது.

‘கேன்’ வழியாக வந்த சொற்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘கன்னிங்’ என்றால் இன்று தந்திரம், நரித்தனம். 14ஆம் நூற்றாண்டில் அது கல்வியையும் கைத்திறனையும் குறித்த மதிப்பான சொல். அதிகம் தெரிந்தவனை ஊர் சந்தேகப்படுகிற பழக்கம் சொல்லிலும் படிந்துவிட்டது. நாகரிகமில்லாதவனைச் சொல்லும் ‘அன்கூத்’ தொடக்கத்தில் ‘அறிமுகமில்லாதது’ என்றே பொருள்பட்டது. முன்பின் தெரியாதவன் முரடனாகத்தான் இருப்பான் என்ற பயம் அந்தப் பொருள்மாற்றத்துக்குள் இருக்கிறது. ‘கேன்’னின் இறந்தகால வடிவம் ‘குட்’. அதை எழுதும்போது நடுவில் ஓர் ‘எல்’ போடுகிறோமே, அதற்கு வரலாற்று உரிமை எதுவும் இல்லை. ‘வுட்’, ‘ஷுட்’ என்ற இரண்டு சொற்களிலும் ‘எல்’ நியாயமாக இருந்தது. அவற்றைப் பார்த்து இதற்கும் ஒன்றைச் செருகிவிட்டார்கள். ஒலிக்காத எழுத்துகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. ‘நோ’வின் ‘கே’ உண்மையாக வாழ்ந்து மறைந்தது. ‘குட்’டின் ‘எல்’ ஒருநாளும் ஒலித்ததில்லை.

இந்த ‘க்’ எங்கிருந்து வந்தது? அங்கேதான் கல்கத்தா வருகிறது.

1786 பிப்ரவரி 2ஆம் தேதி, கல்கத்தாவின் ஆசியச் சங்கத்தில் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். வடமொழி, கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் வினை வேர்களிலும் இலக்கண வடிவங்களிலும் இருக்கும் ஒற்றுமை தற்செயலாக இருக்க முடியாது, இப்போது வழக்கில் இல்லாத ஏதோ ஒரு மூலத்திலிருந்து மூன்றும் பிறந்திருக்க வேண்டும் என்றார். ஜெர்மானிய மொழிகளும் அந்தக் குடும்பத்தில் சேரும் என்றும் கருதினார். எந்த ஒலி எந்த ஒலியாக மாறியது என்ற கணக்கு பிறகு வந்தது. டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் 1818இல் அதைத் தொட்டார். ஜெர்மனியின் யாகோப் கிரிம் 1822இல் விதியாக அடுக்கினார். குழந்தைகளுக்குத் தேவதைக் கதைகள் தொகுத்துக் கொடுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர்தான் இந்த யாகோப்.

அந்த விதியை நமக்குத் தெரிந்த சொற்களிலேயே பார்க்கலாம். வடமொழியில் ‘ப’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஃப’ வரும்: பாதம், ‘ஃபுட்’. ‘த’ வரும் இடத்தில் ‘ட’ வரும்: தசம், ‘டென்’. லத்தீன், கிரேக்கத்தில் ‘க’கரத்தின் மெல்லோசை, அதாவது ‘கங்கை’ என்பதன் முதல் எழுத்தை நாம் ஒலிக்கும் ஒலி வருமிடத்தில், வடமொழியில் ‘ஜ’, ஆங்கிலத்தில் வல்லோசை ‘க்’. முழங்கால் வடமொழியில் ‘ஜானு’, லத்தீனில் ‘கெனு’, ஆங்கிலத்தில் ஒருகாலத்து ‘க்னீ’. ஜனம் என்ற வடசொல்லுக்கு லத்தீனில் ‘கெனுஸ்’, ஆங்கிலத்தில் உறவினரைக் குறிக்கும் ‘கின்’. அதே வரிசையில் மூன்றாவதாக, அறிதல்: வடமொழியில் ‘ஜ்ஞா’, கிரேக்கத்தில் ‘க்னோ’, ஆங்கிலத்தில் ‘க்னாவன்’. கால், குலம், அறிவு என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று சொற்களில் ஒரே ஒலிமாற்றம் பிசகாமல் நடந்திருக்கிறது. இப்படிப் பிசகாமல் நடந்திருப்பதுதான் உறவுக்குச் சான்று.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்டால் போதும், ‘அதிலிருந்து இது வந்தது’ என்று முடிவுகட்டும் வழக்கம் நம்மிடையே பெருகிவருகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ‘ம்பாபரம்’ என்ற பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்கு என்ன சொல் என்று மொழியியலாளர் ஆர்.எம்.டபிள்யூ. டிக்ஸன் அந்த மொழி பேசிய முதியவரிடம் கேட்டபோது, ‘டாக்’ என்று பதில் வந்தது. ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கிவிட்டார்களோ என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆராய்ந்தபோது, அண்டை மொழிகளில் உள்ள ‘குடக’ என்ற சொல் முன்னெழுத்துகளை இழந்து அந்த மொழிக்கே உரிய விதிப்படி அப்படிச் சுருங்கியது தெரிந்தது. ஆங்கிலத்துக்கும் அதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. ஒலி ஒத்துப்போவது தற்செயலாகவும் நடக்கும். வரிசையாக விதி ஒத்துப்போவது தற்செயலாக நடக்காது.

‘ஜ்ஞா’ என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஜ்’ஜும் ‘ஞ்’ஞும் முட்டிக்கொள்கின்றன. அந்த முட்டலை இந்தியாவின் ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் தீர்த்துக்கொண்டது. இந்திக்காரர் ‘க்யான்’ என்கிறார். மராட்டியர் ‘த்ந்யான்’ என்கிறார்; அவர்களுடைய மகான் ஞானேஸ்வரரின் பெயரை அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். பாலி மொழி முதல் மெய்யை விட்டுவிட்டு ‘ஞாண’ என்றது. தமிழும் முதல் மெய்யை விட்டுவிட்டு ‘ஞானம்’ என்றது. தமிழுக்கு இது வெகு இயல்பு. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் நிற்பதைத் தமிழ் ஏற்பதில்லை. ‘ஞா’ சொல்லுக்கு முதலில் வரலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. ஞாயிறும் ஞாலமும் ஏற்கெனவே நம்மிடம் இருந்தன. ஞானம் வந்து அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

ரோமிலும் இதுவே நடந்தது. பழைய லத்தீனின் ‘க்னோஸ்கோ’ பிறகு ‘நோஸ்கோ’ ஆயிற்று. லண்டனில் 17ஆம் நூற்றாண்டில் நடந்தது ரோமில் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. வேறு வேறு நாடு, வேறு வேறு நூற்றாண்டு, ஒருவரையொருவர் பார்த்திராத மக்கள், ஆனால் எல்லார் நாக்கும் ஒரே இடத்தில் ஒரே மெய்யைக் கைவிட்டிருக்கிறது. எல்லாரும் மூக்கொலியை வைத்துக்கொண்டு அதற்கு முன்னிருந்த வல்லொலியை விட்டார்கள். இந்தச் சொல்லின் கதையில் என்னை மிகவும் வியக்க வைப்பது இது.

நம் ஊரில் ஞானசேகரன், ஞானசுந்தரி, ஞானப்பிரகாசம் என்று பெயர் வைத்திருப்பவர்கள் ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள். ஜி, என் என்று தொடங்குவார்கள். அந்த ‘ஜி’யை யாரும் உச்சரிப்பதில்லை. யாழ்ப்பாணம் நல்லூரில் வாழ்ந்து தமிழுக்குச் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி எழுதத் தொடங்கிய சுவாமி ஞானப்பிரகாசரின் பெயரையும் அச்சில் அப்படித்தான் காண்கிறோம். ‘நோ’வின் தலையிலிருக்கும் ‘கே’யும் ஞானசேகரன் தலையிலிருக்கும் ‘ஜி’யும் ஒரே தொல்லொலியின் இரண்டு நினைவுகள். இரண்டும் ஒலிப்பதில்லை, இரண்டும் எழுத்தில் தங்கியிருக்கின்றன.

ஞானம் கொஞ்சம் எட்ட நிற்கும் சொல். அதைவிட நெருக்கமானது ‘ஞாபகம்’. ‘பால் வாங்க மறந்துடாதே, ஞாபகம் வெச்சுக்கோ’ என்று அடுப்படியிலிருந்து குரல் வருகிறதே, அந்தச் சொல்லும் ‘ஜ்ஞா’ வேரில் பிறந்ததுதான். ‘அறியச் செய்வது’ என்று பொருள்படும் ‘ஜ்ஞாபக’ என்ற வடசொல் அது. ‘பிரக்ஞை’, ‘பிரதிக்ஞை’, ‘சமிக்ஞை’, ‘விஞ்ஞானம்’ எல்லாம் அதன் உடன்பிறப்புகள். தாசில்தார் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கிறோமே ‘விண்ணப்பம்’, அதுவும் இந்த வேர்தான் என்கிறது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. ‘தெரியப்படுத்துவது’ என்ற பொருளுடைய வடசொல் பிராகிருதத்தில் கரடுமுரடெல்லாம் தேய்ந்து ‘விண்ணப்ப’ ஆகி, அங்கிருந்து நம்மிடம் வந்தது. அடையாளமே தெரியாத அளவுக்கு அது தமிழாகிவிட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஞானமும் ஞாபகமும் தமிழ் ஏற்றுக்கொண்ட சொற்கள். அறிவு, உணர்வு, தெளிவு, தெரிதல் ஆகியவை தமிழின் சொந்தச் சொற்கள். ஆகவே ஆங்கில ‘நோ’வுக்கும் ‘ஞானத்து’க்கும் இருக்கும் உறவு வடமொழி வழி உறவு, ‘நோ’வுக்கும் ‘அறிவு’க்கும் உறவு கிடையாது. தென்னிந்திய மொழிகள் வடமொழியில் பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே சென்னையில் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் அதை விரிவாக நிறுவியது. ஜோன்ஸ் பெயர் உலகெங்கும் தெரிந்த அளவுக்கு எல்லிஸ் பெயர் தமிழ்நாட்டிலேயே தெரியாமலிருப்பது எனக்கு வருத்தம்.

ஆங்கிலத்துக்குத் திரும்புவோம். தன் சொந்த வேரில் பிறந்த ‘நோ’ போதாதென்று, அதே வேரின் லத்தீன், கிரேக்கப் பிள்ளைகளையும் ஆங்கிலம் பிற்காலத்தில் வரவழைத்துக்கொண்டது. எல்லாராலும் அறியப்பட்டவன் ‘நோபிள்’. அறியாதவன் ‘இக்னோரன்ட்’. தன்னை அறியவிடாமல் உலவுவது ‘இன்காக்னிட்டோ’. நோயை இன்னதென்று பிரித்தறிவது ‘டயக்னாசிஸ்’. பழைய ‘க்னாவன்’ செய்த அதே அடையாளம் காணும் வேலையை இன்று மருத்துவர் செய்கிறார். சூரியக் கடிகாரத்தில் நிழல் விழுத்தி மணி காட்டும் முள்ளுக்கு ‘நோமான்’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘அறிபவன்’ என்று பொருள்.

இவர்களில் இருவருக்குத் தனிக் கதை உண்டு. ‘இக்னோரேமஸ்’ என்றால் லத்தீனில் ‘நாங்கள் அறியோம்’. இங்கிலாந்தில் ஒரு குற்றச்சாட்டுக்குப் போதிய ஆதாரமில்லை என்று ஜூரிகள் நினைத்தால், அந்தத் தாளின் பின்புறம் இந்த ஒரு சொல்லை எழுதித் திருப்பிவிடுவார்கள். 1615இல் ஜார்ஜ் ரகிள் என்பவர் இதே பெயரில் ஒரு லத்தீன் நாடகம் எழுதினார். ஒன்றும் தெரியாத வழக்குரைஞர் ஒருவர்தான் அதன் நாயகர். கேம்பிரிட்ஜில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் அது நடிக்கப்பட்டது. அன்றிலிருந்து அந்தச் சொல் அறிவிலியைக் குறிக்கும் வசைச்சொல் ஆயிற்று. நேர்மையாகத் ‘தெரியாது’ என்று சொன்ன ஒரு சட்டச் சொல் வசையாகிப் போனது நல்ல முடிவென்று எனக்குத் தோன்றவில்லை.

மற்றொன்று அந்த நேர்மைக்கு மரியாதை சேர்த்தது. டார்வினின் தோழர் தாமஸ் ஹக்ஸ்லி 1869இல், லண்டனின் மெட்டஃபிசிக்கல் சொசைட்டியில் சேர்ந்த காலத்தில், தனக்கென்று ஒரு பெயர் தேடினார். சுற்றியிருந்த எல்லாரும் ஏதோ ஒரு கொள்கையின் பெயரைச் சூடியிருந்தார்கள். பழைய கிறிஸ்தவ வரலாற்றில், பரம ரகசியத்தை அறிந்துவிட்டோம் என்று சொன்ன ‘நாஸ்டிக்’குகள் இருந்தார்கள். அந்தச் சொல்லின் முன்னால் மறுப்பு ஒட்டைச் சேர்த்து ‘அக்னாஸ்டிக்’ என்று ஹக்ஸ்லி தன்னைச் சொல்லிக்கொண்டார். சான்றில்லாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லமாட்டேன் என்பது அதன் பொருள். கடவுள் இல்லை என்று சாதிப்பவரை இந்தச் சொல்லால் குறிப்பது தவறு. பத்திரிகைகளில் இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன்.

‘நாலெட்ஜ்’ என்ற பெயர்ச்சொல்லையும் விட்டுவிடக் கூடாது. இன்று அதற்கு அறிவு என்று பொருள். ஆனால் அதன் பழைய பொருள்களில் ஒன்று ஒப்புக்கொள்ளுதல், ‘ஆம், இது எனக்குத் தெரியும்’ என்று வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளுதல். அந்தப் பொருளை இன்று ‘அக்னாலெட்ஜ்’ வைத்திருக்கிறது. ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது நாம் செய்வது அதைத்தான். இந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள்: ‘அக்னாலெட்ஜ்’. ‘க்’கும் ‘ன்’னும் அடுத்தடுத்து வந்து முட்டுவது கேட்கிறதா? ‘நோ’வில் தொலைந்துபோன அந்தப் பழைய சேர்க்கையை இன்றைய ஆங்கிலேயர் வாயில் இந்தச் சொல்லில் இன்னும் கேட்கலாம்.

ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் ‘அந்த கே எதுக்கு?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ‘முன்னால அதைச் சொன்னாங்கம்மா, இப்ப விட்டுட்டாங்க’ என்று சொல்லி, ‘பிக்னிக்’ பயிற்சியைச் செய்ய விடுங்கள். பலகையில் ஒரு பக்கம் ‘நோ’வையும் மறுபக்கம் ‘ஞாபகம்’ என்ற சொல்லையும் எழுதிக் காட்டுங்கள். அந்த எழுத்துக்கூட்டலை அந்தப் பிள்ளை மறக்காது.

அடுத்த வாரம் சந்தேகத்தைக் குறிக்கும் ‘டவுட்’. அதன் நடுவில் இருக்கும் ‘பி’யை ஆங்கிலேயர் ஒருபோதும் உச்சரித்ததில்லை, லத்தீன் படித்தவர்கள் பின்னாளில் செருகிய எழுத்து அது.